அண்ணனுக்குள் போகாத ஜீன்

அண்ணனுக்கு ரத்தம் உறையாது. பிறவியிலேயே அப்படி. எங்கள் ஊர் அருமனையில் பாதி ஆண்கள் கையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தி இருக்கும். அவனை மட்டும் வெண்டைக்காய் அரியக்கூட விடமாட்டோம். கட்டில் காலில் முழங்கால் இடித்தால் ஒரு வாரம் வீங்கிக் கிடப்பான். நான் ஒன்பதாம் வகுப்போடு பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் வெட்டப் போனவன்.

ஒரு ஆஸ்பத்திரியில் புதுச் சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா தாளில் ஒரு செல் வரைந்தார். வட்டம், நடுவில் உட்கரு.

"ஆஃபாயிலு மாதிரில்லா இருக்கு," என்றேன்.

"அந்த மஞ்சக்கருவுக்குள்ளதான் ஜீன் இருக்கு," என்றார் சிரிக்காமல்.

ரத்தத்தை உறையவைக்கும் புரதத்தைச் செய்யச் சொல்கிற ஜீன் அண்ணனிடம் பழுதாம். நல்ல ஜீனை வெறுமனே ஊசியில் ஏற்றினால் வழியிலேயே சிதைந்துபோகும். அதனால் நோய் தராத ஒரு வைரஸின் வயிற்றைக் காலிசெய்து, அதில் ஜீனை ஏற்றி அனுப்புவார்களாம். கல்லீரல் செல்லுக்குள் புகுந்து அது சரக்கை இறக்கிவிடும்.

"இத்தன பாடு எதுக்கு டாக்டரே? நாங்க ரப்பர் பால் ஒறைய கொஞ்சம் ஆசிட் விடுவோம்..."

அண்ணன் என் காலை மிதித்தான். "சும்மா இரிலே. எனக்க ரத்தம் என்ன ரப்பர் ஷீட்டா?"

ஒரு சோதனை பாக்கி இருந்தது. அதே வைரஸ் எப்போதாவது அவன் உடம்புக்குள் வந்துபோயிருந்தால், உடம்பு அதை நினைவு வைத்து, செல்லை எட்டும் முன்பே அடித்துவிடும். அப்படியானால் சிகிச்சை கிடையாது. அதற்காக ரத்தம் எடுக்க ஊசி குத்திய இடத்தை நான் அமுக்கிப் பிடித்திருந்தேன்.

"செரியாச்சுன்னா பேச்சிப்பாறை டேமுக்கு சைக்கிள்ல போணும்," என்றான்.

"மொதல்ல தக்காளி அரிஞ்சு காட்டு. பெறவு சைக்கிளு."

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவன் ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிர்ப்பு இருந்தது.

"அது எப்ப வந்திருக்கும்?" என்று அண்ணன் கேட்டான்.

"சின்ன வயசுலயே இருக்கலாம். வந்ததே தெரிஞ்சிருக்காது," என்றார் டாக்டரம்மா.

"வேற வைரஸ் இல்லியா?" என்றேன்.

"இவருக்குக் குடுக்க இப்ப எங்ககிட்ட இல்ல."

கத்தியை ஒளித்தோம், கட்டில் காலுக்குத் துணி சுற்றினோம். எப்போதோ அந்த வைரஸைக் கொண்டுவந்த யாரோ ஒருவரின் தும்மலை யார் தடுத்திருக்க முடியும்? யாரைப் போய்த் திட்டுவது?

திரும்பும்போது பஸ் சட்டென்று பிரேக் போட்டது. என் கை தானாக அவன் நெஞ்சுக்குக் குறுக்கே போனது.

"கைய எடுலே, ஆளுவ பாக்காவ."

எடுக்கவில்லை. மார்த்தாண்டத்தில் இறங்கும் வரை அப்படியே வைத்திருந்தேன்.