சூப்புக்கு வந்த கோழி

என் வீட்டுக்காரர் வாயை வைத்துப் பிழைத்த மனிதர். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரி வியாபாரம். தொழிலுக்கு ஏற்ற மாதிரி யார் பேச்சை எடுத்தாலும் முந்திரிக்கொட்டையாக முந்திக்கொண்டு வந்து நிற்பார். “செத்த நேரம் வாய மூடுங்களேன்” என்று நான் கெஞ்சாத நாளில்லை. போன ஐப்பசியில் பக்கவாதம் வந்து, வலது கையையும் காலையும் பேச்சையும் ஒரே இழுப்பில் கொண்டு போயிற்று. என் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் பேச்சுதான் வீட்டில் சத்தம். அது நின்ற பிறகு மிக்சி ஓடினால்கூடப் பக்கத்தில் ஆள் இருப்பது போல ஆறுதலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் படம் போட்ட அட்டைகளைக் கொடுத்து, தினமும் காட்டிப் பேச வைக்கச் சொன்னார்கள். ஆடு, மாடு, வீடு, செடி. நான் காட்டுவேன். அவர் அட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஊரையே விலை பேசிய ஆளிடம் ஆட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? மாசி பிறந்ததும் அட்டைகளைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன்.

மாசிக் கடைசியில் எங்கள் கருப்புக்கோழி அடைக்கு உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி வேண்டாமென்றாள்.

“பங்குனி வெயிலு மண்டையப் பொளக்கப் போவுது. அம்புட்டும் கூமுட்டையாப் போயிரும்க்கா. தண்ணியில முக்கி எடுத்து அடையத் தெளிய விடுங்க.”

நான் கேட்கவில்லை. கூடையில் மணல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, இடிச் சத்தத்தில் கெட்டுப்போகாமலிருக்க வழக்கம்போல ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் போட்டு, அவர் கட்டிலுக்கு நேர் எதிரே மூலையில் வைத்தேன். வெயில் படாத இடம் அது ஒன்றுதான் என்று அவளிடம் சொன்னேன். சுவரைத் தவிர வேறு எதையாவது அவர் பார்க்கட்டும் என்பதுதான் உண்மை. அவரும் பார்த்தார். இரண்டு பேரும் நாள் முழுக்க அசையாமல் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு கிடந்தார்கள். கோழிக்காவது ஒரு வேலை இருந்தது.

வெயிலை மீறி முக்கால்வாசி முட்டை பொரித்துவிட்டது. குஞ்சுக்குக் கரையானைப் போல ஊட்டமான தீனி கிடையாது. பழைய பானையில் சாணியும் மக்கிய வைக்கோலும் அடைத்து, தண்ணீர் தெளித்து, பொழுது சாய முந்திரி மரத்தடியில் கவிழ்த்து வைத்தால் விடியும்போது கரையான் மொய்த்திருக்கும். அதைக் கொண்டுவந்து கட்டிலருகே சாக்கில் தட்டி, “பா பா பா” என்று கூப்பிடுவேன். குஞ்சுகள் உருண்டு விழுந்து ஓடிவரும்.

ஒரு நாள் காலையில் பானையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் “ப்பா” என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டி, “ப்பா… பா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குஞ்சுகள் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் ஓடின. நான் சாணிக் கையோடு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளிலிருந்து குஞ்சுகளைக் கூப்பிட நான் வாயைத் திறக்கவில்லை. “நீங்க கூப்புட்டாத்தான் அதுகளுக்குத் தீனி. நான் கூப்புட மாட்டேன், பார்த்துக்கங்க” என்று பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கோபத்தில் முகம் சிவக்கும், ஆனால் கூப்பிடுவார். ஒரு நாள் நான் வேண்டுமென்றே தாமதிக்க, என்னைப் பார்த்து “இந்…” என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை “இந்தா” என்றுதான் கூப்பிடுவார். பாதி வந்துவிட்டது, குஞ்சுகளுக்கு இறக்கை முளைப்பதற்குள் மீதியும் வந்துவிடும் என்று நம்பினேன். அவ்வளவு ஆசை என் வயதுக்கு ஆகாதுதான்.

சந்தோஷம் வாயில் நிற்குமா? ஆலங்குடியில் இருக்கும் என் நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவருக்கு மூத்தவள், அவரைத் தூக்கி வளர்த்தவள். அடுத்த நாளே முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒயர்கூடையில் கால் கட்டிய சிவப்புக்கோழி ஒன்று.

“நாட்டுக்கோழிச் சூப்பு வச்சுக் குடுத்தா மிச்சப் பேச்சும் வந்துரும்” என்றாள். காபியைக் குடித்துக்கொண்டே, “எங்க பக்கம் கோழிக்கெல்லாம் சீக்கு வந்து தூங்கித் தூங்கி விழுவுது. இது ஒண்ணுதான் நல்லாருந்துச்சு. அதுக்குள்ள தம்பி வாயில படட்டும்னு தூக்கியாந்துட்டேன்” என்றாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. ஓரிடத்தில் கோழிக்குச் சீக்கு வந்தால் நல்ல கோழிகளெல்லாம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் புறப்பட்டுவிடும். சீக்கும் கூடவே டிக்கெட் எடுத்துக்கொண்டு வருமே என்று யாருக்கும் தோன்றாது. எனக்குத் தோன்றியது. அப்போதே அறுத்துவிட்டால் சரியாகிவிடும். ஆனால் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி ஊரே விரதம். திருவிழா முடியும்வரை எந்த வீட்டிலும் கவிச்சி கிடையாது. நோயாளிக்கென்று ஆசையாகக் கொண்டுவந்ததைத் திருப்பிக் கொடுக்கவும் மனசு வருமா? கொல்லைக்கடைசி முருங்கையில் தள்ளிக் கட்டினேன். காப்புக் கட்டிய ஊரில் வெளியூர்க்காரர் ராத்தங்கக் கூடாது என்று அவள் மத்தியானப் பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

சிவப்புக்கோழி ரெண்டொரு நாளில் கழுத்தைத் தொங்கப்போட்டு, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து செத்தது. புதைத்துவிட்டு, தலைக்குக் குளித்து, மாரியாத்தாவுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப்போட ஆரம்பித்தன. கீழாநெல்லி, சின்னவெங்காயம், சீரகம் அரைத்துப் புகட்டினேன். மாட்டாஸ்பத்திரியில், “வந்த பிறகு மருந்து இல்லம்மா, முன்னாடியே சொட்டு மருந்து விட்டிருக்கணும்” என்றார்கள்.

அவர் கண்ணில் படாமல் அதுகளைக் கொல்லைக்குக் கொண்டுபோய்விட நினைத்தேன். குஞ்சுகளை அள்ளினால் தாய்க்கோழி மேலே பாய்ந்தது, அவரும் கட்டிலைத் தட்டினார். அதனால் எல்லாம் அவர் கண்முன்னாலேயே நடந்தது. கூப்பிடுவார், முடிந்தது வரும். முடியாதது தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்துக்கொள்ளும். எப்படியாவது எழுப்பிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, விடாமல் கூப்பிட்டார். எச்சில் வழிய வழியக் கூப்பிட்டார். “போதும், விடுங்க” என்று நானே சொல்லிவிட்டேன். பால்குடம் எடுத்த அன்று தெருவில் மேளம் போய்க்கொண்டிருந்தபோது கடைசிக் குஞ்சும் போயிற்று. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாய்க்கோழி தப்பிவிட்டது. திருவிழா முடிந்த மறுநாள் நாத்தனார் போன் செய்தாள்.

“சூப்பு வச்சுக் குடுத்தியாத்தா?”

“குடுத்தேன் மதினி.”

உன் கோழிதான் அம்புட்டையும் கொண்டுபோச்சு என்று நாக்கு நுனிவரை வந்தது. தம்பி வாயில் படட்டும் என்று ஓடிவந்தவளிடம் அதை எப்படிச் சொல்வது?

“போன அவன் காதுல வையி.”

வைத்தேன். “தம்பி, அக்காடா. ஒரே ஒரு வாட்டி கூப்புடுடா, காதாரக் கேட்டுக்கிறேன்” என்று அவள் சொல்வது எனக்கும் கேட்டது. அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் சிந்திக் கிடந்த குருணையைக் கிளறிக்கொண்டு, கருப்புக்கோழி மட்டும் கொக் கொக்கென்று இல்லாத குஞ்சுகளைத் தீனிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“கோழி கூப்புடுறது கேக்குதே” என்றாள் நாத்தனார். “குஞ்செல்லாம் பெருசாயிருச்சா?”

போனை என் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“பெருசாயிருச்சு மதினி” என்றேன்.