எஸ்டேட் இருக்கிறவங்க

தங்கச்சிக்குக் கூறைச் சேலை எடுக்கத்தான் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குப் போனோம். மாமல்லபுரம் எங்கள் எண்ணத்திலேயே இல்லை.

தங்கச்சி பதுளையில் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். அங்கே துணிக்கடை வைத்திருந்தவரின் மகனுக்கு அவளைப் பிடித்துப்போனது. அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பதுளையில் வியாபாரம் செய்கிறவர்கள். நாங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். அப்பா போன பிறகு அம்மா கொழுந்து எடுத்தே எங்கள் இருவரையும் படிக்கவைத்தாள். நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியையானேன். இது எதையும் நாங்கள் மறைக்கவில்லை. பெண் கேட்டு வந்த அன்றே அம்மா எல்லாவற்றையும் வாய் நிறையச் சொன்னாள். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சேலை காஞ்சிபுரத்தில்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னவர் மாப்பிள்ளையின் அம்மா. அவரும் எங்களோடு வந்தார். அவருடைய பெரியம்மா மகள் ஒருவர் செங்கல்பட்டில் இருந்தார். கடை கடையாக எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். சேலை எடுத்து முடிந்ததும், “இவ்ளோ தூரம் வந்துட்டு மகாபலிபுரம் பாக்காம போறதா?” என்று மறுநாளைக்கு ஒரு வேனும் பேசிவிட்டார்.

அன்று காலை விடுதியில் தங்கச்சி அம்மாவுக்குப் புதுச் சேலை கட்டிவிட்டாள். பிறகு அம்மாவின் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாகக் கிறீம் தடவினாள். தேயிலைக் கறை ஏறி, வெடித்துப் போன விரல்கள். “என்னாத்துக்குடி இதெல்லாம்?” என்று கேட்டாலும் அம்மாவின் முகம் மலர்ந்துதான் இருந்தது. பிரிந்து போகப்போகிற மகள் பாசத்தில் செய்கிறாள் என்று நானும் நினைத்தேன்.

மாமல்லபுரத்தில் வெயில் கொளுத்தியது. மலைக்குளிரிலேயே இருந்தவளுக்கு அது பெரிய பாடு. ஆனாலும் அம்மா ஒரு சிற்பத்தையும் விடவில்லை. ஒரு மண்டபத்தில் பாறையோடு பாறையாகப் பசு ஒன்றைச் செதுக்கியிருந்தார்கள். ஒருவன் பால் கறக்கிறான், பசு கன்றை நக்குகிறது. அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

“இங்க பாரு பெரியவளே, நக்க விட்டுட்டுக் கறக்கிறான். வெவரம் தெரிஞ்சவன்தான்.”

பக்கத்திலேயே தலையில் சுமையோடு ஒரு பெண். அம்மா கழுத்தைச் சாய்த்து அவளை வெகுநேரம் பார்த்தாள். “சாமிக்குப் பக்கத்துலயே வேலக்காரியையும் வெச்சிருக்காங்க,” என்றாள். அந்தப் பயணத்தில் அவள் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

கடற்கரைக் கோயிலில் விளக்கும் இல்லை, பூசாரியும் இல்லை. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. பூசை இல்லாத சாமியைக் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் பூசத் திருநீறு தேடினாள். செங்கல்பட்டு அம்மா சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல. எல்லோரும் வெளியே வந்து மரநிழலில் உட்கார்ந்தோம். கொண்டுவந்த புளிச்சோற்றைச் செங்கல்பட்டு அம்மாவே எல்லாருக்கும் பரிமாறினார். அப்போதுதான் கேட்டார்.

“உங்களுக்கு டீ எஸ்டேட் இருக்குன்னு உங்க சம்பந்தி சொல்லிச்சு. எத்தனை ஏக்கருங்க?”

அம்மாவுக்குப் புரியவில்லை. சம்பந்தியம்மாவைப் பார்த்தாள். அவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமலே, “பெரிய எஸ்டேட்டுக்கா. மலை முழுக்கத் தேயிலைதான்,” என்றார்.

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ சிலோனுக்கு வந்தா உங்க பங்களாவுலதான் தங்குவோம்,” என்றார் செங்கல்பட்டு அம்மா.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். யாரோ வேடிக்கைக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள். “பங்களாவா? அதுல மேனேஜர் தொரைல்ல இருக்காருங்க. நாங்க லயத்துல இருக்கோம். நான் கொழுந்து எடுத்தவங்க. இப்பதான் வேலைய நிப்பாட்டினேன்.”

“லயம்னா?”

“ஒரே கூரைங்க, வரிசையா வீடு. அடுத்த வீட்டுல தாளிச்சா நம்ம வீட்டுல தும்மல் வரும்.”

யாரும் சிரிக்கவில்லை. செங்கல்பட்டு அம்மாவின் பார்வை அம்மாவின் கைகளுக்குப் போனது. கிறீம் எதையும் மறைத்திருக்கவில்லை. அவர் சம்பந்தியம்மா பக்கம் திரும்பி, எங்கள் காதில் விழும்படியே கேட்டார்: “கூலிக்காரங்களா?”

எங்கள் முப்பாட்டன்மார் திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள். அந்த நாட்டு மண்ணில் உட்கார்ந்து, அவர்கள் பேசிய அதே தமிழில், அந்தச் சொல்லைக் கேட்டோம். அம்மாதான் பதில் சொன்னாள்.

“ஆமாங்க. கூலிதான்.”

அதற்குப் பிறகு ஒருவரும் எதையும் பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. விடுதி அறைக்கதவைச் சாத்தியதும் தங்கச்சி வெடித்தாள்.

“சிரிச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்லம்மா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு!”

“கேட்டாங்க, சொன்னேன். வேற என்னாத்த சொல்ல?”

“இப்படித்தான் சொல்லி வெச்சிருக்காங்கன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?” என்று நான் தங்கச்சியைக் கேட்டேன்.

“தெரியும். அவங்க சொந்தக்காரங்க மத்தியில அவங்களுக்கு ஒரு கௌரவம் இருக்கு. கல்யாணம் நின்னு போனா நீயா என்னை வெச்சிப் பாப்ப?”

அம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலையில் நடந்தது என்ன என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். எழுந்து குளியலறைக்குள் போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

கல்யாணம் நிற்கவில்லை. பதுளையில் பெரிய மண்டபம், காஞ்சிபுரத்துச் சேலை, எல்லாம் நடந்தது. செங்கல்பட்டிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. அது எங்களால்தான் என்று சம்பந்தியம்மா யாரிடமோ சொன்னது, யார் யார் வழியாகவோ எங்கள் காதுக்கு வந்தது. அம்மா பதுளைக்கு இரண்டொரு தடவை போனாள். பிறகு, போவதற்கு முன் ஃபோன் பண்ணிக் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டால், இப்போது வேண்டாம், வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்பாள் தங்கச்சி. அம்மா கேட்பதையே விட்டுவிட்டாள்.

போன தீபாவளிக்குப் பிள்ளையைக் காட்டத் தங்கச்சி வருவதாகச் சொன்னாள். அம்மா விடியற்காலையிலேயே எழுந்து கோழிக் குழம்பு வைத்தாள், வடை சுட்டாள். மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம், கீழே ரோட்டில் நிற்கிறோம் என்று ஃபோன் வந்தது. முழங்கால் வலியோடு அம்மா படியிறங்கினாள். நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

தங்கச்சி கார்க் கண்ணாடியைப் பாதிதான் இறக்கினாள். பின்சீட்டில் பையன் படுத்திருந்தான்.

“தூங்குறான்மா. எழுப்ப வேணாம்.”

“மேல வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போனா என்ன?” என்று நான் கேட்டேன்.

“இந்த மழையிலயா? அட்டை கடிக்கும்.”

காலில் ஏறிய அட்டையை விரலால் சுண்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போய் வந்தவள் சொன்னாள் இதை. நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். மாப்பிள்ளை, “நேரமாச்சு அத்தை,” என்று எஞ்சினைக் கிளப்பினார். அம்மா கண்ணாடியில் கன்னத்தை வைத்து, தெரிந்தவரைக்கும் பேரனைப் பார்த்தாள்.

கார் வளைவில் மறைந்த பிறகு ஏறத் தொடங்கினோம். பாதி வழியில் மூச்சு வாங்க நின்ற அம்மா சொன்னாள்: “அவ ரொம்ப மெலிஞ்சிட்டா. கவனிச்சியா?”

நான் கவனிக்கவில்லை. கவனிக்கவும் விரும்பவில்லை.