நிலைமை கட்டுக்குள் இருக்கிறது

முத்தியால்பேட்டையில் சக்கரபாணியின் சலூனுக்குப் பேப்பர் வந்ததும் முதலில் கைநீட்டுகிறவர் கன்னியப்பன்தான். பிரெஞ்சுக்காரன் காலத்தில் சுங்கச்சாவடிச் சேவகராக இருந்தவர். அவன் போய் எல்லையை எடுத்தபோது வேலையும் போயிற்று. அடுத்த வருஷம் மனைவி பார்வதியும் போய்ச் சேர்ந்தாள். ஒரே மகன் குமாரவேல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். அல்ஜீரியாவில் சண்டையில் இருக்கிறான்.

அந்த அல்ஜீரியாவைத்தான் கிழவர் பேப்பரில் தேடுவார். பேப்பருக்கோ மந்திரிமார் மாலை வாங்குவதைத் தவிர உலகத்தில் வேறொன்றும் நடப்பதில்லை.

"இன்னிக்கும் பாரு சக்கரபாணி, விழா இனிதே நடந்தேறியதாம். என்னிக்காவது கசப்பா நடந்தேறினதுன்னு போட்டிருக்கானா? மக்கள் வெள்ளமாம். நேத்து அந்தப் பக்கமாத்தான் நான் போனேன். கால் நனையிற அளவுக்குக்கூட ஆளில்ல."

கடைசிப் பக்கத்து மூலையில், தைல விளம்பரத்துக்குக் கீழே, என்றைக்காவது ஒரு வரி இருக்கும்: 'அல்ஜீரியாவில் நிலைமை கட்டுக்குள் இருப்பதாகத் தெரிகிறது.' அதைப் படித்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யாருக்குத் தெரியுதாம்? எனக்கு ஒண்ணும் தெரியலியே. எம் புள்ள என்னா துன்றான், எங்க படுக்கறான், அதச் சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரல."

சக்கரபாணி கத்தியைத் தீட்டிக்கொண்டே, "குமாரு வரட்டும் ஐயா, எல்லாத்தையும் அவன் வாயாலயே கேட்டுக்கலாம்" என்பான். அந்த நம்பிக்கையில்தான் கிழவர் ஆளில்லாத வீட்டில் ஒற்றை வயிற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தார்.

அறுபத்தொன்றில் குமாரவேல் லீவில் வந்தான். வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்துப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தார் கன்னியப்பன்.

"அங்க எப்படிப்பா இருக்குது?"

"ஒண்ணும் இல்லப்பா. நல்லாத்தான் இருக்குது."

மறுநாளும் கேட்டார். அதே பதில்தான். எரிச்சலாக வந்தது. பேப்பர்காரனைத் திட்டலாம், பெற்ற பிள்ளையை என்ன செய்ய?

அன்று மத்தியானம் தெருவில் ஒரு சாவு ஊர்வலம் போயிற்று. வழக்கம்போல வெடி போட்டார்கள். கிழவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மகனைக் காணோம். கட்டிலுக்கு அடியில், தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கிடந்தான். ஊர்வலம் தெருமுனை தாண்டிப் போன பிறகும் வெளியே வரவில்லை. கன்னியப்பன் தரையில் உட்கார்ந்து, கையை உள்ளே நீட்டி அவன் முதுகைத் தடவினார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. மகன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். ஆனாலும் பார்வதி போன அன்றுகூட அவர் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

மறுநாள் சலூனில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"குமாரு என்னா சொன்னான் ஐயா? அங்க எப்படியாம்?" என்று கேட்டான் சக்கரபாணி.

கன்னியப்பன் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

"நிலைமை கட்டுக்குள்ளதான் இருக்குதாம்" என்றார்.