ரீமரின் கண்வில்லையில் ஒரு கீறல்

உங்கள் தட்டிலிருக்கும் இறைச்சியை நம்புகிறீர்களே, யார் சொல்லி நம்புகிறீர்கள்? விற்றவன் சொல்லியா?

எங்கள் ஊரும் ஒருகாலத்தில் அப்படித்தான் நம்பியது. பன்றியை வெட்டிய அன்றே பச்சையாக அரைத்து, வெங்காயம் தூவி, ரொட்டியில் தடவித் தின்பது எங்கள் ஹார்ஸ் மலையடிவாரத்தில் இன்றும் பழக்கம். தசைக்குள் நுண்புழு சுருண்டு கிடந்தால் தின்றவர் முகம் வீங்கும், பலர் பிழைப்பதில்லை. அதனால் ஒவ்வொரு பன்றியையும் நுண்ணோக்கியில் பார்த்து முத்திரை குத்தச் சட்டம் வந்தது. எங்கள் ஊரில் அந்த வேலை மருத்துவச்சி மின்னாவுக்கு.

அவளுடைய கருவியைச் செய்தவர் எவால்ட் ரீமர். எதையும் நம்பாத மனிதர். தேவாலயக் கடிகாரம் அடித்தால் தன் கடிகாரத்தைத் திருத்தமாட்டார். மணிக்கூண்டில் ஏறி அதைத் திருத்தச் சொல்வார். தான் தேய்த்த வில்லையையே ஒரு வாரம் மூடிவைத்து, மறுபடி சந்தேகப்பட்டுப் பார்ப்பார். ஆண்டுக்கு ஆறு கருவிகளுக்கு மேல் அவர் பட்டறையிலிருந்து வெளியேறியதில்லை.

1884 நவம்பரில், இறைச்சிக்கடை பார்ட்டல்ஸின் பன்றிக்கு மின்னா முத்திரை மறுத்தாள். பார்ட்டல்ஸ் நகர்மன்ற உறுப்பினரும்கூட. நேரே மன்றத்துக்குப் போனார்.

"புழுவாம் புழு! ரீமர் கண்ணாடியில இருக்கிற கீறல் அது. குருடன் செஞ்சதக் குருடி பாக்குறா."

"அப்போ நீங்களே பச்சையாத் தின்னுங்க, பார்ட்டல்ஸ் ஐயா," என்றாள் மின்னா. "அடுத்த மாசம் உங்களக் குளிப்பாட்டிப் பெட்டியில வைக்கவும் நான்தான் வரணும்."

மேயர் ரீமரையும், இறைச்சித் துண்டோடு நுண்ணோக்கியையும் மன்றத்துக்கு வரவழைத்தார். பக்கத்து மூன்று ஊர்கள் அவரிடம் கருவி கேட்டிருந்த நேரம். ஒரு குறை வெளியே வந்தால் பட்டறை படுத்துவிடும். ரீமர் குனிந்து பார்த்தார். கண் வைத்துப் பார்க்கும் மேல்முனைக் கண்வில்லையை மெதுவாகத் திருப்பினார். இறைச்சி வைத்த கண்ணாடியை நகர்த்தினார்.

"என்ன ரீமர், மூஞ்சி தொங்கிப்போச்சு?" என்றார் பார்ட்டல்ஸ்.

"கீறல் இருக்கு. என் தப்புதான்."

மன்றமே சிரித்தது. "கேட்டீங்களா? அவனே ஒத்துக்கிட்டான்!" என்றார் பார்ட்டல்ஸ்.

"இன்னும் முடிக்கல. கண்வில்லையத் திருப்பினா கீறல் கூடவே சுத்துது. இன்னொரு புள்ளி சுத்தல. இறைச்சி வச்ச கண்ணாடிய நகத்தினாத்தான் அது நகருது. என் வில்லையில இருக்கிறது எப்படிய்யா உங்க பன்னியோட நகரும்? வந்து திருப்பிப் பாருங்க. என்னையும் நம்பாதீங்க."

பார்ட்டல்ஸ் வரவில்லை. மேயர் வந்து திருப்பிப் பார்த்தார், நகர்த்திப் பார்த்தார். பன்றி அன்று மாலையே எரிக்கப்பட்டது. யாரும் சாகவில்லை. சாகாதவர்கள் நன்றி சொல்லவில்லை. "கீறல் ரீமர்" என்ற பெயர்தான் ஊர்வாயில் நின்றது. மூன்று ஊர்களும் விலகிக்கொண்டன. மீதிக் காலம் முழுக்க அவர் மூக்குக்கண்ணாடி தேய்த்தார். மின்னாவுக்கு மட்டும் புதுக் கண்வில்லை ஒன்று செய்து கொண்டுபோனார். அவள் வாங்கவில்லை.

"இந்தக் கீறல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். புதுசுல என்ன ஒளிஞ்சிருக்கோ, யாரு கண்டா?"

ரீமர் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாராம்.

அந்தக் கருவி இப்போது எங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீழே அட்டை: "பழுதான நுண்ணோக்கி. பார்ட்டல்ஸ் குடும்பத்தின் நன்கொடை." மின்னாவின் கருவி அவர்கள் கைக்கு எப்படிப் போனது? கேட்டேன். பதிவில்லை என்கிறார்கள். அட்டையை மாற்றச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன், பதிலில்லை.

நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கண்வில்லையை உங்கள் கையால் திருப்பிப் பாருங்கள், கீறல் கூடவே சுற்றும். பிறகு, "பழுதான" என்ற சொல்லை அடித்துவிடும்படி நான்காவது கடிதத்தை நீங்கள் எழுதுங்கள்.