நிலைக்கு மேல் இருந்த ஓலைகள்

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டை, பிரசவம் முடிந்த பெண்கள் நாலு நாள் படுத்து உடம்பு தேறும் இடமாக மாற்ற வேண்டும் என்பது, அறுபதுகளில் நர்ஸ் படிப்பை முடித்த நாளிலிருந்தே எனக்கிருந்த பைத்தியம். எழுபதுகளின் தொடக்கத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்தது. தருமபுரியில் அண்ணன் வீட்டில் கிடந்தவள், ஆஸ்பத்திரி என்றாலே அழுதாள். "என்னை நம்ம வூட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று ஒரே பிடிவாதம். சரி, அந்த வீட்டில் முதலில் தேறப்போவது அம்மாதான் என்று முடிவுகட்டினேன்.

ஒரு வேலையில் இறங்கிவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. மூன்றே வாரம். கேழ்வரகு கொட்டி வைத்த குதிர் வெளியே போனது. அது நின்ற இடத்தில் ஜன்னல் வந்தது. புகை படிந்த சுவரைச் சுரண்டி, நீலம் கலந்த சுண்ணாம்பை மூன்று தடவை அடிக்க வைத்தேன். கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு, ஜன்னலுக்குப் பச்சைத் திரை, தரை முழுக்கப் பினாயில். "இது வூடுங்களா, கோயிலுங்களா?" என்று கொத்தனார் கேலி செய்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாசல் நிலைக்கு மேல், குருத்தோலை ஞாயிறுதோறும் செருகிய ஓலைச் சிலுவைகள் கரிபிடித்துக் கிடந்தன. மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக்கூடாது. தவக்காலத்துக்கு முன் கோயிலில் கொடுத்தால், எரித்து விபூதிப் புதனுக்குச் சாம்பலாக்குவார்கள். வீடுவீடாக ஓலை வாங்க வந்த கோயில் உபதேசியாரிடம் ஒன்று விடாமல் பிடுங்கிக் கொடுத்தேன். முறைப்படிதானே செய்தேன்!

அம்மாவைக் காரில் கொண்டுவந்து புது ஜன்னலோரம் படுக்க வைத்தோம். சுவரைப் பார்த்தாள், நிலையைப் பார்த்தாள், வெள்ளைச் சேலையில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"நர்ஸம்மா, என்னை எப்பங்க வூட்டுக்கு அனுப்புவீங்க?"

பெற்ற மகளிடம் இத்தனை மரியாதை. சிரித்துச் சமாளித்தேன். "இதாம்மா நம்ம வூடு" என்று சொல்லச் சொல்ல, நான் ஏமாற்றுகிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விபூதிப் புதனன்று கோயிலிலிருந்து வந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன். என் நெற்றிச் சாம்பலை இடது கையால் தொட்டாள். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"எங்க வூட்டுலயும் ஓலை இருக்குதுங்க. நிலைக்கு மேல ஓரத்துல இருக்கறதக் குடுத்துட வேணாம்னு என் மககிட்ட சொல்லுங்க. எங்க வூட்டுக்காரரு சாகறதுக்கு முன்னால கடைசியா சொருகினது அது."

அது அப்பா செருகியது என்று எனக்குத் தெரியாது. பிடுங்கிக் கொடுக்கும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் தோன்றவில்லை.

"சொல்றேங்கம்மா" என்றேன்.

அந்தப் புரட்டாசியில் அம்மா போய்விட்டாள். அப்புறம் அதே ஜன்னலோரம் எத்தனையோ பெண்கள் கைக்குழந்தையோடு படுத்துத் தேறினார்கள். கிளம்பும்போது, "அம்மா வூட்டுல இருந்த மாதிரியே இருந்துச்சுங்க" என்பார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். உள்ளே போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொள்வேன். ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து, "வூட்டுக்கு வந்துட்டேன்டி" என்று என் அம்மா சொல்லியிருக்கக் கூடாதா?