சீனியை விட்டேன், கித்துல் கருப்பட்டியை விடவில்லை

மூன்றாம் வகுப்போடு தோட்ட வேலைக்குப் போனவன், தெரணியகலையில் கடை போட்டேன், லொறி வாங்கினேன், மாடிவீடும் கட்டினேன். சீனி வருத்தம், அதான் நீரிழிவு, வந்ததும், தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதிலாக இனிப்பு மாத்திரை போட்டுக்கொண்டேன். அப்படியும் கடைவாய்ப்பல் சொத்தையாகிவிட்டது.

இரத்தினபுரியில் பல் டாக்டர் என்னைச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் இரும்பை வைத்துவிட்டார். அசையவும் வழியில்லை, பேசவும் வழியில்லை. கூட வந்த மருமகள்தான் நான் இனிப்பு மாத்திரை போடுவதைச் சொன்னாள். டாக்டர் அவளிடம் கேட்டார்:

"அந்த மாத்திரைய வச்சு பல்லுக் கிருமியால பல்லை அரிக்கிற புளிப்பு உண்டாக்க முடியாதுங்க. வேற என்ன சாப்பிடுறாரு?"

மருமகள் போட்டுக்கொடுத்தாள்: "மாமா தேத்தண்ணி குடிக்கிற ஒவ்வொரு மடக்குக்கும் கித்துல் கருப்பட்டி கடிப்பாருங்க! கேட்டா, அது மரத்துல வர்றது, சீனியில்லம்பாரு."

"கிருமிக்கு அதுவும் சீனிதாம்மா" என்று பல்லைப் பிடுங்கிவிட்டார்.

இப்போது கருப்பட்டி கடிப்பதில்லை. என்னைப் பார்த்து எங்கள் தோட்டத்திலும் பலர் விட்டுவிட்டார்கள். ஆனால் டாக்டரைத்தான் புகழ்கிறார்கள். பல்லைக் கொடுத்தவன் நான். என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.