மடத்துக் குசினியில் ஒரு திவசம்

அப்பாவின் திவசத்தை இந்த முறை மடத்தில் செய்வோம் என்று கனடாவிலிருந்து வந்த தம்பி சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். கோயிலுக்கு நடந்து வருபவர்களுக்குச் சோறு போடவென்று அந்தக் காலத்தில் கட்டிய மடம். இப்போது அதை அறை அறையாகப் பிரித்து, தங்குபவர்கள் தாங்களே சமைத்துச் சாப்பிடும் ஹோட்டலாக்கியிருக்கிறார்கள்.

"எங்கடை வீட்டிலை என்ன குறை?" என்று மனைவி கேட்டாள்.

"வெக்கை, அண்ணி. அங்கை ஏசியும் இருக்கு, சமைக்கக் குசினியும் இருக்கு."

முதல் நாளே போய்த் தங்கினோம். அங்குள்ள சட்டிகளில் யார் என்ன இறைச்சி காய்ச்சினார்களோ என்று மனைவி வீட்டுப் பானைகளையே கொண்டு வந்தாள். நான் நீர்வேலித் தோட்டத்தில் வெட்டிய வாழையிலைக் கட்டோடு போனேன்.

அப்பா செத்தது ஷெல்லடி நேரம். தம்பியால் வர முடியவில்லை. பாடையைக் காவியவர்கள் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் நான்கு பேர். ஆண்டுதோறும் அவர்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் நாங்கள் இலையில் கை வைப்போம். இந்த முறையும் வரச் சொல்லியிருந்தேன். மடம்தானே, யாரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

படைத்துக் கும்பிட்டு முடிய, கீழே சத்தம் கேட்டது. காவலாளி அவர்களை வாசலில் மறித்துக்கொண்டு நின்றார்.

"பதிஞ்ச ஆக்களைத் தவிர ஒருத்தரையும் விடேலாது, ஐயா. என்ரை வேலை போயிடும்."

நால்வரில் மூத்தவர் திருநீறும் வெள்ளை வேட்டியுமாக வெயிலில் நின்று சிரித்தார். "என்னடாப்பா, மடத்துக்கும் பாஸ் எடுக்கோணுமோ?"

நான் மேலே ஓடினேன். "உன்ரை பேரிலைதான் அறை. ஒருக்கால் வந்து கதை."

தம்பி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது அவையின்ரை ரூல், அண்ணை. பார்சல் கட்டிக் குடுங்கோவன்."

அப்பாவைத் தோளில் சுமந்தவர்களுக்குப் பார்சல். கீழே போய் நின்றேன். மூத்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"விடு தம்பி. எங்களுக்கு வீட்டிலை சோறு கிடக்கு. மேலை இருக்கிற உன்ரை கொப்பர் கோவிக்கமாட்டார்."

பஸ்ஸுக்கு நடந்தார்கள். பசித்து வருபவரைத் திருப்பக்கூடாது என்று வாசலுக்கு மேலே கல்லில் வெட்டியிருக்கிறது. அதற்குக் கண்ணாடி போட்டு, பகலிலும் லைற் எரிய விட்டிருக்கிறார்கள்.

மேலே வந்தபோது தம்பி சாப்பிட்டு இலையை மடித்திருந்தான். "பசிச்சுப் போச்சு, அண்ணை."

முருகா! நானும் மனைவியும் அன்று பச்சைத் தண்ணீரோடு இருந்தோம். சோற்றுப் பானையையும் மிச்ச இலைக் கட்டையும் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம். அந்த நால்வரின் வீட்டுப் படலைகளையும் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.